பெங்களூரில் ஏஎன்ஏ, ஆர்ஏ ஃபேக்டர் சோதனைகள்: புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

விரல் மூட்டுகள் வீங்குகின்றன, காலையில் கை மடங்க மறுக்கிறது, வெயில் பட்டால் முகம் தடிக்கிறது, களைப்பு விடுவதில்லை. டாக்டரைப் பார்த்தால் "ஏஎன்ஏ, ஆர்ஏ ஃபேக்டர் எடுத்துட்டு வாங்க" என்று ஒரு சீட்டு தருகிறார். அந்தச் சீட்டோடு நிற்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பெங்களூருக்கு வேலைக்கு வந்து இன்னும் ஊர் பிடிபடாதவர்களுக்கும், ஓசூர், தர்மபுரி, சேலம் பக்கமிருந்து அம்மா அப்பாவை வைத்தியத்துக்கு அழைத்து வருபவர்களுக்கும் இது உதவும்.

என் தங்கைக்கு இப்படி ஒரு நோய் வந்தபோது நாங்கள் நிறைய அலைந்தோம். போன இடமெல்லாம் ரத்தம் எடுத்தார்கள், ரிப்போர்ட் தந்தார்கள். "பாசிட்டிவ்" என்று சிவப்பில் அச்சடித்த தாளை வைத்துக்கொண்டு வீடே அழுதது. அதற்கு என்ன பொருள் என்று உட்கார்ந்து சொல்லும் ஆளிடம் போய்ச் சேரப் பல மாதங்கள் ஆயின. சோதனைக்கு முன்னால் சரியான டாக்டரைப் பார்த்துவிடுங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்.

ஏஎன்ஏ, ஆர்ஏ ஃபேக்டர் இரண்டுமே ரத்தத்தில் தேடுவது ஆட்டோஆன்டிபாடிகளை. ஆட்டோஆன்டிபாடி என்றால் என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிருமிகளைப் பிடிக்க நம் உடம்பு ஆன்டிபாடி என்ற புரதங்களைத் தயாரிக்கிறது. சிலருக்கு அவை சொந்த செல்லின் உட்கருவையும், அதில் உள்ள டிஎன்ஏவையும் புரதங்களையும் குறிவைக்கின்றன. அவற்றில் சில நேரடியாகவே கெடுதல் செய்யும். உடம்பின் எதிர்ப்பு சக்தியே தோல், மூட்டு, சிறுநீரகம் என்று தாக்கும் லூபஸ் நோயில் டிஎஸ் டிஎன்ஏ ஆன்டிபாடி சிறுநீரகத்தில் படிந்து அதைப் புண்ணாக்குவது அப்படித்தான். வேறு சில, இன்ன நோய் இருக்கலாம் என்று காட்டும் அடையாளம் மட்டுமே. எந்த நோயும் இல்லாதவர் ரத்தத்திலும் கொஞ்சம் இருக்கும். அதனால்தான் ரிப்போர்ட்டை மட்டும் வைத்து யாரும் முடிவு சொல்ல முடியாது.

1. முதலில் ஒரு பக்கம் எழுதுங்கள்

டாக்டர் அறையில் கிடைக்கும் நேரம் குறைவு. எப்போது தொடங்கியது, எந்த மூட்டு, காலையில் எழுந்ததும் எவ்வளவு நேரம் விறைப்பு இருக்கிறது என்பதையெல்லாம் ஒரே பக்கத்தில் எழுதி வையுங்கள். விறைப்பு அரை மணி நேரத்துக்கு மேல், ஒரு மணி நேரம் வரைகூட நீடித்தால் அது முக்கியமான செய்தி. வீக்கம் ஆறு வாரத்தைத் தாண்டிவிட்டதா என்பதும் முக்கியம்.

வீக்கமும் தடிப்பும் டாக்டரைப் பார்க்கும் நாளில் மறைந்துவிடும். அதனால் தோன்றும்போதே தேதியுடன் படம் எடுத்து வையுங்கள். ஜனவரிக் காலையிலோ ஆபீஸ் ஏசியிலோ விரல் நுனி வெளுத்து, நீலமாகி, பிறகு சிவந்தால் அதையும் படம் எடுங்கள். வாய்ப்புண், முடி கொட்டுவது, கண்ணும் வாயும் வறண்டு போவது, கருச்சிதைவு, காலில் ரத்தம் உறைந்தது, குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்தது என எதையும் வெட்கப்பட்டு விட்டுவிடாதீர்கள். கடந்த ஒரு வருடத்தில் சிக்குன்குனியா வந்ததா என்பதையும் எழுதுங்கள். அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு வரும் மூட்டு வலி மாதக்கணக்கில் நீடிக்கும், பார்க்க முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) போலவே இருக்கும்.

சிறுநீரில் விடாத நுரை, முகமும் காலும் வீங்குவது, மூச்சுத் திணறல், ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலிப்பது, கையைத் தூக்கவோ படியேறவோ முடியாத தசைப் பலவீனம் ஆகியவை இருந்தால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். அந்த நிலையில் ஆன்டிபாடி ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கக் கூடாது.

2. யாரிடம் போவது

மூட்டுவாதமும் லூபஸ் போன்ற நோய்களும் பார்க்கும் ருமட்டாலஜிஸ்ட்டிடம். எலும்பு முறிவும் மூட்டு அறுவை சிகிச்சையும் பார்க்கும் ஆர்த்தோ டாக்டரின் துறை வேறு. எம்டி முடித்து, ருமட்டாலஜி அல்லது கிளினிக்கல் இம்யூனாலஜியில் டிஎம் அல்லது டிஎன்பி படித்தவரா என்று மருத்துவமனைத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெங்களூரில் கோரமங்கலா பக்கம் இருக்கும் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இதற்கென்றே தனித்துறை உண்டு. பெரிய தனியார் மருத்துவமனைகள் பலவற்றிலும் ருமட்டாலஜிஸ்ட் இருக்கிறார். தனியாரில் பார்க்கும் கட்டணம் சுமார் 700 முதல் 1,500 ரூபாய். பெயர் பெற்றவர்களிடம் நேரம் கிடைக்கச் சில வாரங்கள் ஆகலாம். அதற்காக அந்த இடைவெளியில் லேப் பக்கம் ஓட வேண்டாம். தேதியை வாங்கிவிட்டு, யாராவது தேதியை ரத்து செய்தால் கூப்பிடச் சொல்லி எண்ணைக் கொடுத்து வையுங்கள்.

கார்மென்ட்ஸ், தொழிற்சாலை வேலையில் இருந்து மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் இஎஸ்ஐ இருக்கும். முதலில் உங்கள் பெயர் பதிவான டிஸ்பென்சரிக்குப் போய், அங்கிருந்து ராஜாஜிநகர் இஎஸ்ஐ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கடிதம் வாங்குங்கள். நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அன்றைய கூலியும் போகும்.

வேலூர் சிஎம்சியையும் யோசியுங்கள். கிளினிக்கல் இம்யூனாலஜி, ருமட்டாலஜி துறை அங்கே நன்றாக வேரூன்றியது. லால்பாக், பிருந்தாவன் போன்ற சென்னை ரயில்கள் காட்பாடியில் நிற்கும். அம்மா அப்பா ஊரிலேயே இருக்கப் போகிறார்கள் என்றால், பெங்களூரில் தொடங்கிவிட்டு மாதாமாதம் அவர்களை அழைத்து வருவதைவிட இதுவே நல்லது என்பது என் எண்ணம். கடலூர், விழுப்புரம் பக்கத்தவர்களுக்குப் புதுச்சேரி ஜிப்மரிலும் துறை இருக்கிறது.

3. காகிதங்கள்

ஆதார், பழைய ரிப்போர்ட்டுகள், சாப்பிடும் எல்லா மருந்துகளின் அட்டைகள், இன்சூரன்ஸ் கார்டு. ஆயுஷ்மான் பாரத் ஆபா எண் எடுத்து வைத்தால் சில மருத்துவமனைகளில் பதிவு வேகமாக நடக்கும். மருந்துச் சீட்டு தொலைந்திருந்தாலும் அட்டையைக் காட்டலாம். டிபிக்குக் கொடுக்கும் ஐசோனியசிட், ரத்த அழுத்தத்துக்கான ஹைட்ராலசின், முகப்பருவுக்கான மினோசைக்ளின் போன்றவையே ஏஎன்ஏவைப் பாசிட்டிவ் ஆக்கும்.

தமிழர்கள் எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம் இனிஷியல். ஆதாரில் "மீனாட்சி கே" என்று இருக்கும். இங்கே பதிவு மேஜையில் கடைசிப் பெயர் கேட்பார்கள், "மீனாட்சி கந்தசாமி" என்று எழுதிவிடுவார்கள். கம்பெனி இன்சூரன்ஸில் "கே மீனாட்சி" என்றிருக்கும். பிறகு பணம் திரும்பக் கேட்கும்போது மூவரும் ஒருவரே என்று நிரூபிக்க வேண்டிவரும். முதல் நாளே ஆதாரில் உள்ளபடி ஒரே வடிவத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். லேபில் ஆள் வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்தாலும் ட்யூபில் ஒட்டும் பெயரைப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

எல்லாவற்றையும் தேதி வரிசையில் ஒரே ஃபைலில் போடுங்கள். டாக்டர் எழுதுவதையும் கேட்டு வாங்குங்கள், ரிப்போர்ட் மட்டும் போதாது.

அப்புறம், ஸ்டீராய்டு. டாக்டரைப் பார்ப்பதற்கு முன் வலி தாங்காமல் ஊசியோ, பெயர் தெரியாத மூட்டுவலிப் பொடியோ எடுத்தால் வீக்கம் வற்றிவிடும், டாக்டரால் தொட்டுப் பார்த்து எதையும் சொல்ல முடியாது. எடுத்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். சில வாரமாகத் தினமும் எடுத்துக்கொண்டிருப்பவர்கள் அதைத் தாங்களாகத் திடீரென்று நிறுத்தவும் கூடாது.

4. எந்தச் சோதனை, எந்த வரிசையில், எவ்வளவு

லேப்கள் "ஆர்த்ரைட்டிஸ் பேக்கேஜ்" என்று விற்கும். அதில் ஏஎஸ்ஓ, யூரிக் ஆசிட் எல்லாம் இருக்கும், உங்களுக்குத் தேவையான ஏதாவது ஒன்று விட்டுப்போயிருக்கலாம். வாங்காதீர்கள்.

டாக்டர் பெரும்பாலும் மலிவானவற்றில் தொடங்குவார்: ரத்த அணு எண்ணிக்கை, உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ஈஎஸ்ஆர், சிஆர்பி, சிறுநீரகத்துக்குக் கிரியாட்டினின், கல்லீரல் சோதனை, யூரின் ரொட்டீன். அந்த யூரின் சோதனை நூறு இருநூறு ரூபாய்தான். ஆனால் லூபஸில் சிறுநீரகம் பாதிக்கப்படுவதை உங்களுக்கு வலியே தெரியாத கட்டத்தில் காட்டிக்கொடுப்பது அதுதான். அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

மூட்டு வீக்கம்தான் முக்கியத் தொல்லை என்றால் ஆர்ஏ ஃபேக்டரும், முடக்குவாதத்துக்கான இன்னொரு ஆன்டிபாடி சோதனையான ஆன்டி சிசிபியும் வரும். முதலாவது சுமார் 400 முதல் 800 ரூபாய், அடுத்தது 1,000 முதல் 2,000 வரை. தோல் தடிப்பு, வாய்ப்புண், விரல் வெளுப்பது, கண் வறட்சி போன்றவை இருந்தால் ஏஎன்ஏ. அதற்கு 800 முதல் 1,800 ரூபாய். இங்கே ஒரு சொல்லைக் கவனியுங்கள்: ஏஎன்ஏ இம்யூனோஃப்ளூரசன்ஸ் முறையில், ஹெப்-2 செல்களில் செய்யப்பட வேண்டும். சீட்டில் வெறும் "ஏஎன்ஏ" என்றிருந்தால் சில லேப்கள் மலிவான எலிசா முறையில் செய்துவிடும். அதில் பேட்டர்ன், அதாவது செல்லில் ஆன்டிபாடி ஒளிரும் வடிவம், தெரியாது. டாக்டர் மறுபடி எடுக்கச் சொல்வார், பணம் இரண்டு தடவை போகும்.

ஏஎன்ஏ வந்த பிறகு, தேவைப்பட்டால் மட்டும், ஏஎன்ஏ ப்ரொஃபைல் அல்லது ப்ளாட். எந்தப் புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடி என்று பிரித்துச் சொல்லும் சோதனை இது. 3,500 முதல் 6,500 ரூபாய் வரை ஆகும். ஏஎன்ஏ நெகட்டிவ் ஆகி, சந்தேகப்பட உடம்பில் ஒன்றும் இல்லையென்றால் இதற்குத் தேவையே இருக்காது. ஆனால் அறிகுறி பலமாக இருந்தால் ஏஎன்ஏ நெகட்டிவாக இருந்தும் டாக்டர் கேட்கலாம். ரோ, ஜோ-1 போன்ற சில ஆன்டிபாடிகள் ஏஎன்ஏவில் தப்பிவிடும்.

டிஎஸ் டிஎன்ஏ, ரத்தப் புரதங்களான சி3, சி4, ரத்தம் உறைவதோடும் கருச்சிதைவோடும் தொடர்புள்ள ஆன்டிபாஸ்போலிப்பிட், ரத்தக்குழாய் அழற்சிக்கான ஆன்கா எல்லாம் அவரவர் நிலையைப் பொறுத்தது. நான் சொன்ன தொகைகள் லேபுக்கு லேப் மாறும். ஒரே சோதனைக்கு மருத்துவமனை லேபிலும் வெளியிலும் இரண்டு மடங்கு வித்தியாசம் பார்க்கலாம். வெளியில் எடுத்தால், லேபின் தரத்துக்குத் தரும் என்ஏபிஎல் அங்கீகாரம் உள்ள இடமாக இருக்கட்டும்.

முதுகு வலிக்காக ஹெச்எல்ஏ-பி27 கேட்டால் அது மரபணுச் சோதனை, ஆன்டிபாடி அல்ல. முதுகெலும்பைப் பிடிக்கும் ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ், சொரியாசிஸோடு வரும் மூட்டுவாதம் இரண்டிலும் ஆர்ஏ ஃபேக்டர் பொதுவாக நெகட்டிவ்தான். "எல்லாம் நார்மல், ஒன்றுமில்லை" என்று வீட்டுக்கு அனுப்பப்படுபவர்கள் பலர் இந்த வகை.

5. ரத்தம் கொடுக்கும் நாள்

ஆன்டிபாடி சோதனைகளுக்கு வெறும் வயிறு தேவையில்லை. கூடவே சர்க்கரையோ கொழுப்போ பார்த்தால்தான் அந்தக் கட்டுப்பாடு. முடிக்காகப் பயோட்டின் மாத்திரை சாப்பிட்டால் லேபில் சொல்லுங்கள், சில கருவிகளின் கணக்கை அது குழப்பும்.

ஆன்டிபாஸ்போலிப்பிட் சோதனைகளில் ஒன்றான லூபஸ் ஆன்டிகோஆகுலன்ட்டை மட்டும் வீட்டில் எடுக்கக் கொடுக்காதீர்கள். நீல மூடி ட்யூபில் எடுத்த ரத்தத்தைச் சீக்கிரமே சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரிக்க வேண்டும். சில்க் போர்டு நெரிசலில் பையில் கிடந்துவிட்டுப் போகும் மாதிரியை நம்ப முடியாது. லேப் உள்ள இடத்திலேயே கொடுங்கள். ஹெப்பாரின், வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் இருக்கும் மருந்து எடுப்பவர்கள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும், முடிவு மாறிவிடும்.

ஆர்ஏ ஃபேக்டர் அன்றைக்கே அல்லது மறுநாள் வந்துவிடும். ஏஎன்ஏவுக்கு ஒன்று முதல் மூன்று நாள், ப்ளாட் ஒரு வாரம் வரைகூட ஆகலாம். டாக்டரிடம் அடுத்த தேதியை அதற்கேற்ப வாங்குங்கள்.

6. ரிப்போர்ட் வந்ததும்

எங்கள் வீட்டில் தூக்கம் போனது இந்தக் கட்டத்தில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஏஎன்ஏ தாளில் மூன்று விஷயம் பாருங்கள்: முறை, டைட்டர், பேட்டர்ன். டைட்டர் என்பது ரத்தத்தை எவ்வளவு நீர்க்க வைத்தும் ஆன்டிபாடி தெரிகிறது என்ற கணக்கு. 1:40, 1:80, 1:160 என்று ஏறும். சில லேப்கள் 1:100, 1:320, 1:1000 என்று போடும். இரண்டும் வேறு வேறு படிக்கட்டு, ஒரு லேபின் எண்ணை இன்னொன்றோடு நேராக ஒப்பிட்டுக் கூடியது, குறைந்தது என்று கவலைப்படாதீர்கள். ஆரோக்கியமானவர்களில் நூறு பேரில் சுமார் 30 பேருக்கு 1:40ல் பாசிட்டிவ் வரும், 1:160ல்கூடச் சுமார் 5 பேருக்கு வரும். எனவே குறைந்த டைட்டரில் ஒற்றைப் பாசிட்டிவ் என்றால் அதை மட்டும் வைத்து நோய் என்று சொல்ல முடியாது. தைராய்டு கோளாறு உள்ளவர்களுக்கும் இது அடிக்கடி வரும்.

பேட்டர்னில் ஹோமோஜீனியஸ், ஸ்பெக்கிள்ட், நியூக்ளியோலர், சென்ட்ரோமியர் என்று எழுதியிருப்பார்கள். சிலர் ஏசி-1, ஏசி-4 என்று எண்ணும் தருவார்கள். சென்ட்ரோமியர் என்றால் தோல் இறுகும் நோயான ஸ்க்லீரோடெர்மாவை டாக்டர் தேடுவார். ஸ்பெக்கிள்ட் பல நோயிலும் வரும், நோயே இல்லாமலும் வரும். ப்ளாட்டில் டிஎஃப்எஸ்70 மட்டும் பாசிட்டிவ், வேறெதுவும் இல்லை என்றால் பெரும்பாலும் ஆறுதலான செய்திதான்.

ப்ளாட்டில் எஸ்எம் பாசிட்டிவ் லூபஸை வலுவாகக் காட்டும். எஸ்எஸ்ஏ (அதாவது ரோ), எஸ்எஸ்பி (அதாவது லா) இரண்டும் கண், வாய் வறளும் ஷோகிரன் நோயிலும் லூபஸிலும் வரும். எஸ்சிஎல்-70, ஜோ-1 இரண்டில் எது உறுதியானாலும் நுரையீரலைச் சோதித்துப் பார்க்கச் சொல்வார்கள், மூச்சுச் சோதனையும் சிடி ஸ்கேனும் சேரும். அந்தச் செலவைத் தட்டிக் கழிக்காதீர்கள்.

ஆர்ஏ ஃபேக்டர் முடக்குவாதம் உள்ள நூறு பேரில் எழுபது, எண்பது பேருக்கு வரும். ஆனால் வயதானவர்கள், டிபி, ஹெபடைட்டிஸ் சி உள்ளவர்கள், ஷோகிரன் நோயாளிகள் ஆகியோருக்கும் வரும். ஆன்டி சிசிபி அதைவிட நம்பகமானது, முடக்குவாதம் இல்லாதவர்களுக்கு அரிதாகத்தான் வரும். இரண்டும் நெகட்டிவாக இருந்தும் முடக்குவாதம் இருக்கலாம்.

எண்களாகச் சொன்னால் மனது சமாதானமாகும் என்று நினைக்கிறேன். முடக்குவாதத்தை வகைப்படுத்த 2010ல் வந்த சர்வதேச அளவுகோலில் மொத்தம் 10 புள்ளி, 6 வேண்டும். ஆன்டிபாடி எவ்வளவு உச்சத்தில் இருந்தாலும் அதற்கு 3தான், அதுவும் குறைந்தது ஒரு மூட்டாவது உண்மையில் வீங்கியிருந்தால். லூபஸுக்கான 2019 அளவுகோலில் ஏஎன்ஏ 1:80 என்பது உள்ளே நுழையும் வாசல் மட்டுமே. அதன்பின் 10 புள்ளி சேர வேண்டும், உடம்பில் தெரியும் அறிகுறி ஒன்றாவது கட்டாயம். எந்த அளவுகோலும் ரத்தத்தை மட்டும் பார்த்து முத்திரை குத்துவதில்லை. யாராவது தாளை மட்டும் பார்த்து, கையைக்கூடத் தொடாமல், ஆயுள் முழுக்க மருந்து எழுதினால் இன்னொரு ருமட்டாலஜிஸ்ட்டிடம் கருத்துக் கேளுங்கள்.

மறுபுறம், மூட்டு உண்மையாகவே வீங்கி, சிசிபி உயரத்தில் இருந்து, டாக்டர் மருந்து தொடங்கச் சொன்னால் தள்ளிப்போடாதீர்கள். முதல் சில மாதங்களில் தொடங்கினால்தான் மூட்டு தேயாமல் காக்க முடியும். மெத்தோட்ரெக்சேட் எழுதினால் அது வாரம் ஒரு நாள் மாத்திரை. தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமை என்று அட்டையில் பெரிதாக எழுதி வையுங்கள்.

7. இன்சூரன்ஸ்

சாதாரணப் பாலிசிகளில் வெளிநோயாளிச் சோதனைகளுக்குப் பணம் கிடையாது. "ஒரு நாள் அட்மிட் ஆகிவிடுங்கள், எல்லாம் கவர் ஆகிவிடும்" என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். சோதனைக்காக மட்டும் சேர்வது பாலிசிகளின் வழக்கமான விலக்குகளில் ஒன்று, முழுத்தொகையும் உங்கள் தலையில் விழும். கம்பெனியில் வெளிநோயாளிச் செலவுக்குத் தனி ஒதுக்கீடு உண்டா என்று ஹெச்ஆரிடம் கேளுங்கள், பலருக்கு இருப்பதே தெரியாது.

கம்பெனிக் குழுக் காப்பீட்டில் ஏற்கெனவே உள்ள நோய்க்கும் முதல் நாளிலிருந்தே இடம் தருவது வழக்கம். தனிப் பாலிசியில் காத்திருப்புக் காலம் இருக்கும். 2024 விதிகளின்படி அதிகபட்சம் 36 மாதம். வேலையை விடப் போகிறீர்கள் என்றால் இதை முன்பே யோசியுங்கள். புதுப் பாலிசி எடுக்கும்போது ஏஎன்ஏ ரிப்போர்ட்டை மறைத்தால் பின்னால் க்ளெய்ம் மறுக்கப்படலாம்.

8. குழந்தைப்பேறு திட்டம் இருந்தால்

ரோ, லா ஆன்டிபாடிகள் தாயிடமிருந்து குழந்தைக்குப் போகும். நூறு கர்ப்பங்களில் சுமார் இரண்டில் குழந்தையின் இதயத் துடிப்பைக் கடத்தும் மின்பாதையில் அடைப்பு (ஹார்ட் ப்ளாக்) வரலாம். அதனால் 16 முதல் 26 வாரம் வரை கருவின் இதய ஸ்கேன் அடிக்கடி எடுப்பார்கள். லூபஸுக்குக் கொடுக்கும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரை அந்த ஆபத்தைக் குறைக்கும் என்பதால் அதைத் தாமாக நிறுத்தக் கூடாது. மெத்தோட்ரெக்சேட் எடுப்பவர்கள் கருத்தரிக்கும் முன்பே டாக்டரிடம் பேசி மாற்ற வேண்டும்.

நம் வழக்கப்படி ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து பெண் தாய்வீடு போவாள். இதய ஸ்கேன் வாரங்கள் அதற்குள் பெங்களூரிலேயே முடிந்துவிடும். ஆனால் பிரசவம் பார்க்கும் ஊர் டாக்டருக்கு எதுவும் தெரியாது. ஃபைலின் முழு நகலோடு ருமட்டாலஜிஸ்ட்டிடம் ஒரு கடிதமும் வாங்கிக் கையில் கொடுத்து அனுப்புங்கள். ஆன்டிபாஸ்போலிப்பிட் உள்ளவர்களுக்கு ஆஸ்பிரின், ஹெப்பாரின் ஊசி நடந்துகொண்டிருக்கும். பிரசவத்தை ஒட்டி அதை எப்போது நிறுத்துவது என்பது அந்தக் கடிதத்தில் இருக்க வேண்டும்.

9. எதைத் திரும்ப எடுப்பது

நோய் உறுதியானபின் ஏஎன்ஏவை மறுபடி எடுக்கத் தேவையில்லை. டைட்டர் கூடினாலும் குறைந்தாலும் நோயின் தீவிரத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. ஆர்ஏ ஃபேக்டரும் சிசிபியும் அப்படித்தான், முடக்குவாதத்தை மூட்டைத் தொட்டும் ஈஎஸ்ஆர், சிஆர்பி பார்த்தும் கண்காணிப்பார்கள். லூபஸில் டிஎஸ் டிஎன்ஏ, சி3, சி4, யூரின் ஆகியவைதான் சில மாதத்துக்கு ஒருமுறை திரும்ப வரும். டிஎஸ் டிஎன்ஏவை ஒவ்வொரு முறையும் ஒரே லேபில், ஒரே முறையில் எடுங்கள், இல்லாவிட்டால் ஏறியதா இறங்கியதா என்று ஒப்பிட முடியாது.

ஆன்டிபாஸ்போலிப்பிட் பாசிட்டிவ் வந்தால் குறைந்தது 12 வாரம் கழித்து மறுபடி எடுத்தால்தான் கணக்கு. ஒரு காய்ச்சலுக்குப் பிறகுகூடத் தற்காலிகமாக அது தலைகாட்டும். முதல் ரிப்போர்ட்டின் தேதியிலிருந்து 12 வாரத்தைக் கணக்கிட்டு ஃபோனில் நினைவூட்டல் வையுங்கள். ஊருக்குப் போகும் நாட்கள் அதோடு இடித்தால் ஓரிரு வாரம் தள்ளி எடுக்கலாம், முன்னால் எடுக்க வேண்டாம்.